மாடிப்படிக்குக் கீழே கிடந்த சைக்கிள் யாருடையது?

நிலா: [படம்] [படம்]

நிலா: மாடிப்படிக்குக் கீழே ஒழித்துக்கொண்டிருக்கிறோம், இது கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை பழைய இரும்பு எடுப்பவர் வருகிறார். இது யாருடையது? ஓட்ட முடியும் என்றால் எனக்கு வேண்டும்.

பெரியப்பா: போடாதே. அது என் சைக்கிள். 1988-இல் கல்லூரியில் சேர்ந்தபோது அப்பா வாங்கிக் கொடுத்தது.

பெரியப்பா: தொலைந்துவிட்டது என்று ஒருவர் சொன்னாரே, அதே சைக்கிள்.

சித்தப்பா: மறுபடியுமா அண்ணா? பூட்டை உடைத்து எடுத்துப் போய்விட்டார்கள் என்று அன்றைக்கே சொன்னேன்.

அத்தை: கேரியரில் மஞ்சள் பெயின்ட் இருக்கிறதா பார் நிலா

பெரியம்மா: சைக்கிளுக்குப் பின்னால் தெரிவது என் டிரங்குப் பெட்டிதானே?

நிலா: கேரியரே இல்லை அத்தை. ஆமாம் பெரியம்மா.

பெரியம்மா: அதை யார் அங்கே கொண்டுபோய் வைத்தது?

கதிர்: யாரும் இப்போதே முடிவு கட்ட வேண்டாம், சைக்கிளே சொல்லும். நிலா, முதலில் எதையும் மண்ணெண்ணெய் போட்டுத் தேய்க்காதே, பிரேமில் ஒட்டியிருக்கும் எழுத்து கொஞ்சநஞ்சம் இருந்தாலும் அதோடு போய்விடும். ஈரத்துணி போதும். ஹேண்டில்பாருக்குக் கீழே முன்பக்கம் கம்பெனித் தகடு இருந்த ஓட்டை தெரிகிறதா பார். அப்புறம் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்து, இரண்டு பெடல் கிராங்கும் சேரும் குழாயின் அடியில் ஒரு நம்பர் அடித்திருப்பார்கள். அது ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு கணக்கு, அதை மட்டும் வைத்து வருஷம் சொல்ல முடியாது, ஆனாலும் எழுதி வைத்துக்கொள். நமக்கு வேண்டியது பின் கியர், பின்சக்கரத்தில் செயினைப் பல் மாற்றிப் போடும் பாகம். படத்தில் ஷிமானோ மாதிரித் தெரிகிறது, சைக்கிள் பாகங்கள் செய்யும் ஜப்பான் கம்பெனி. அதன் உள்பக்கம், சக்கரத்தைப் பார்த்திருக்கும் பக்கம், அழுக்கைத் துடைத்தால் சின்னதாக இரண்டு ஆங்கில எழுத்து இருக்கும்.

அப்பா: 👍

சித்தப்பா: இரண்டு எழுத்தில் என்ன தெரியும்?

கதிர்: முதல் எழுத்து வருஷம், இரண்டாவது மாதம். ஏ என்றால் 1976, பி என்றால் 1977, இப்படி இசட் 2001 வரை. 2002-இல் மறுபடி ஏ-யிலிருந்து ஆரம்பித்துவிட்டார்கள். மாதத்துக்கு ஏ ஜனவரி, எல் டிசம்பர்.

பெரியப்பா: எம் என்று இருக்கும் பார். 1988.

நிலா: [படம்]

நிலா: டூத்பிரஷ்ஷால் தேய்த்தேன். ஆர், எஃப்.

கதிர்: ஆர் 1993. எஃப் ஜூன். அடுத்த சுற்றுக் கணக்கில் ஆர் 2019, ஆனால் தாத்தா இருக்கும்போதே இது அங்கே கிடந்தது, அதனால் 1993-தான்.

சித்தப்பா: கேட்டீர்களா அண்ணா? முப்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று, யாராவது ஒருவர் இதைச் சொல்ல.

பெரியப்பா: கியர் மட்டும் பிறகு மாற்றியிருக்கலாம்.

கதிர்: இருக்கலாம் பெரியப்பா. எழுத்து சொல்வது அந்தப் பாகம் செய்த மாதத்தை மட்டும்தான், கியர் மாற்றாததாக இருந்தால் சைக்கிளை அதற்குப் பிறகுதான் பொருத்திச் சேர்த்திருப்பார்கள். முன் கியரிலும் ஷிமானோ இருந்தால் அதில் என்ன எழுத்து என்று பார்க்க வேண்டும். இரண்டும் ஒன்றிரண்டு மாத வித்தியாசத்தில் இருந்தால் எதையும் மாற்றவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

அத்தை: 1993 கடைசியில் எனக்கு வேலை கிடைத்தது. அப்பா எனக்கு ஒரு சைக்கிள் வாங்கினார். இரண்டாவது தடவையாகச் சொல்கிறேன், கேரியரில் நான் மஞ்சள் பெயின்ட் அடித்திருந்தேன்.

பெரியப்பா: உனக்குச் சைக்கிள் வாங்கினதாக எனக்குத் தெரியாதே.

அத்தை: அப்போது நீங்கள் வீட்டோடு பேசிக்கொண்டிருக்கவில்லை அண்ணா.

சித்தப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

அம்மா: என்ன எழுதி அழித்தீர்கள் தம்பி?

பெரியம்மா: பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று திறந்து பார் நிலா. சாவி இல்லாவிட்டால் உடைக்காதே.

நிலா: [படம்]

நிலா: அத்தை, கேரியரை மாட்டியிருந்த இடத்தில், சீட்டுக்குப் பின்னால் இறங்கும் இரண்டு கம்பியிலும் கிளிப் பதிந்த தடம் இருக்கிறது. வலப்பக்கத் தடத்தின் ஓரத்தில் நகக்கண் அளவுக்கு மஞ்சள்.

அத்தை: அதுதான்

அத்தை: அதுதான் என் சைக்கிள்

அப்பா: ❤️

நிலா: அப்படியானால் நான் எடுத்துக்கொள்ளலாமா அத்தை?

அத்தை: உனக்கு இல்லாமல் யாருக்கு? பிரேக் பிடிக்கும்படி செய்துகொண்டு ஓட்டு.

கதிர்: பிரேக்குக்கு முன்னால் பிரேம். முன் போர்க், அதாவது முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவை, பின்னோக்கி வளைந்திருக்கிறதா, பிரேம் குழாய்கள் ஹேண்டில்பார் குழாயோடு சேரும் இடத்தில் கீழ்ப்பக்கம் பெயின்ட் சுருக்கம் விழுந்தோ வெடித்தோ இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார். இருந்தால் எங்கேயோ பலமாக மோதியிருக்கிறது, அதை ஓட்டவே கூடாது, அலங்காரமாக வைத்துக்கொள்ளலாம். அது சரியாக இருந்தால் மற்றதெல்லாம் மாற்றக்கூடிய சாமான். விலை மலிவாக விற்ற சைக்கிள்தான், ஆனால் இரும்பு பிரேம், அலட்சியமாக நினைக்காதே. ரிம்மில் காந்தம் ஒட்டுகிறதா பார். ஒட்டினால் இரும்பு ரிம், மழை நனைந்தால் பிரேக் பாதிதான் பிடிக்கும், புது பிரேக் கட்டை போட்டாலும் அப்படித்தான், ஈரத்தில் மெதுவாகப் போக வேண்டும்.

நிலா: ஒட்டுகிறது.

அம்மா: மழையில் ஓட்ட வேண்டாம்.

சித்தப்பா: டயர் நான் வாங்கி வருகிறேன். 26-தானே?

கதிர்: 26 என்று மட்டும் கேட்டு வாங்கிவிடாதீர்கள் சித்தப்பா! 26 × 1.75 வேறு, 26 × 1⅜ வேறு. முதலாவது உட்காரும் ரிம் 559 மில்லிமீட்டர், இரண்டாவது 590. ஒன்றுக்கு ஒன்று சேரவே சேராது. பழைய டயரின் பக்கவாட்டில் 47-559 மாதிரி எழுதியிருக்கும், கடைசி மூன்று இலக்கம்தான் முக்கியம்.

நிலா: டயர் வெடித்து வெடித்து இருக்கிறது, 559 மட்டும் தெரிகிறது.

சித்தப்பா: 559. குறித்துக்கொண்டேன்.

கதிர்: செயினை ஸ்கேல் வைத்து அள. ஒரு பின்னின் நடுவிலிருந்து ஆரம்பித்து, அதற்கு அடுத்ததிலிருந்து எண்ணினால் 24-ஆவதாக வரும் பின்னின் நடு சரியாக 12 அங்குலத்தில் விழ வேண்டும். 12⅛-க்குப் போய்விட்டால் தேய்ந்துவிட்டது. புது செயின் போட்டால் பின்சக்கரத்துப் பல்சக்கரமான பழைய ஃப்ரீவீலின் பல்லில் வழுக்கலாம், வழுக்கினால் அதையும் மாற்ற வேண்டியதுதான். கேபிள் எல்லாமே புதிது போட்டுவிடு. சீட் கம்பம் அசையாவிட்டால் சுற்றிலும் எண்ணெய் விட்டு இரவு முழுக்க விடு, சுத்தியலால் அடிக்காதே. ரிம்மில் குரோம் மேல் படிந்த துருவுக்கு அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் போதும், உப்புத்தாள் போட்டால் குரோமே போய்விடும்.

அப்பா: பம்ப் என்னிடம் இருக்கிறது

பெரியப்பா: 15 நம்பர் ஸ்பேனர் நான் கொண்டுவருகிறேன். பெடலைக் கழற்ற அதுதான் வேண்டும். இடது பெடல் தலைகீழ் மரை, தெரியாமல் வலது மாதிரியே திருகினால் இன்னும் இறுகிவிடும். நான் வரும்வரை தொடாதே.

அத்தை: நீங்கள் வருகிறீர்களா அண்ணா?

பெரியப்பா: சக்கரத்தில் பால்ரஸ் மாற்றிக் கிரீஸ் வைக்க வேண்டாமா? பால்ரஸை அழுத்திப் பிடிக்கும் கோனை ரொம்ப இறுக்கினால் சக்கரம் சுற்றாது, தளர விட்டால் ஆடும். எனக்குக் கை பழக்கம்.

சித்தப்பா: நானும் சனிக்கிழமையே வந்துவிடுகிறேன்.

பெரியப்பா: முன் கியர் எழுத்தையும் பார்க்க வேண்டும்.

சித்தப்பா: எதற்கு அண்ணா இனிமேல்?

பெரியம்மா: பெட்டியைத் திறந்தாயா?

நிலா: சாவி கிடைக்கவில்லை பெரியம்மா. சனிக்கிழமை எத்தனை பேர் சாப்பிட வருகிறீர்கள் என்று அம்மா கேட்கிறாள். அப்புறம் இரும்புக்காரரை அடுத்த வாரம் வரச் சொல்லலாமா? அவர் நம்பர் யாரிடம் இருக்கிறது?

அப்பா: 👍

நிலா: அப்பா, உங்களிடமா?