புதுப்பிப்பு: ஷமரேல் – கங்கா தலாவ் சைக்கிள் சுற்று, திசையை மாற்றுங்கள்

முன்பு கேஸ் நோயாலிலிருந்து கடலோரமாகக் கிளம்பி, சுய்யாக் வழியாக மேலேறச் சொல்லியிருந்தேன். அதைத் திருப்பிவிடுங்கள். மொரிசியஸில் காற்று பெரும்பாலும் தென்கிழக்கிலிருந்து வரும். பழைய திசையில் போனால் கடலோரம் முழுக்க எதிர்காற்றுதான்.

முதலில் ஷமரேல் ஏற்றம். காலையிலேயே முடித்துவிடுங்கள், சைக்கிளின் பற்சக்கரங்களில் முன்னால் 34, பின்னால் 32 பல் இல்லையென்றால் முழங்கால் பேசும். அடுத்து வரும் ப்ளேன் ஷாம்பாஞ் மேட்டுநிலம் 700 மீட்டருக்கு மேல். அங்கே மழை சொல்லாமல் வரும், மெல்லிய மழைக்கோட்டு அவசியம். பிறகு கங்கா தலாவ் புனித ஏரி, புவா ஷெரி தேயிலைத் தோட்டம், சுய்யாக், அங்கிருந்து கடலோரமாகக் கேஸ் நோயாலுக்குத் திரும்புங்கள். இறக்கத்தில் ஈரமிருந்தால் வளைவுக்கு முன்பே பிரேக் பிடியுங்கள், வளைவுக்குள் வேண்டாம்.

கரும்பு வெட்டும் மாதங்களில் லாரியிலிருந்து விழுந்த கரும்புத் துண்டுகள் சாலையில் கிடக்கும், 28 மி.மீ. டயர் நல்லது. கடலோரத்தில் மக்கொண்டே வளைவில் மணலும் உண்டு. மகா சிவராத்திரி வாரத்தில், காவடி போன்ற கன்வாரைச் சுமந்து கங்கா தலாவுக்கு நடப்பவர்களுக்கே சாலை. அப்போது இந்தப் பக்கம் வேண்டாம்.