காலையில் எடுக்கிற தேன்சிட்டுப் படமெல்லாம் வெளுத்துப் போகிறது, லென்ஸ் கெட்டுவிட்டதா?

மஞ்சை முருங்கை, கடலூர்

வணக்கம். எங்கள் வீடு மஞ்சக்குப்பத்தில். கொல்லையில் ஒரு முருங்கை, இரண்டு செம்பருத்தி, ஒரு கறிவேப்பிலை, துவைக்கிற கல். இடம் அவ்வளவுதான். ஆனால் முருங்கை பூத்துவிட்டால் விடிந்ததும் தேன்சிட்டுகள் வந்துவிடும். ஜோடியாக வந்து, பூவுக்குப் பூ தலைகீழாகத் தொங்கித் தேன் குடிக்கும். ஒரே ஒரு நல்ல படம் எடுத்துவிட வேண்டும் என்று நான்கு மாதமாக முயல்கிறேன். இன்னும் அமையவில்லை.

சிக்கலைச் சொல்கிறேன். காலை ஆறு, ஆறேகால் மணிக்கு எடுக்கிற படமெல்லாம் பாலாடை படிந்த மாதிரி வெளுத்துப் போகிறது. பதினைந்து நிமிடம் கழித்து எடுத்தால் அந்த வெளுப்பு இல்லை. ஆனால் அப்போது குருவி கரிக்கட்டையாக விழுகிறது, பின்னால் வானம் மட்டும் பளீரென்று இருக்கிறது. அப்படி விழாத படங்களில் இலை தெளிவாக இருக்கும், குருவி கலங்கியிருக்கும்.

ஒரு கடையில் காட்டினேன். லென்ஸுக்குள் பூஞ்சை பிடித்திருக்கிறது, மாற்றுவதுதான் வழி என்றார்கள். மாமா வைத்திருந்து எனக்குக் கொடுத்த டிஎஸ்எல்ஆர் கேமரா, தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுத்துக் காட்டுகிற 55-250 லென்ஸ். புதிதாக வாங்க இப்போது வசதியில்லை.

அவசரத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது. ஐப்பசி மழை பிடிப்பதற்குள் முருங்கையை மொட்டையாக வெட்டிவிடலாம் என்று அப்பா சொல்லிக்கொண்டிருக்கிறார். கம்பளிப்பூச்சி ஏறும், காற்றடித்தால் கிளை முறிந்து பக்கத்து வீட்டுக் கூரையில் விழும் என்கிறார். அவர் சொல்வதும் நியாயம்தான். அதற்குள் ஒரு படமாவது வேண்டும். தெரிந்தவர்கள் உதவுங்கள்.

லாஸ்பேட்டை வாசி, புதுச்சேரி

கடலோர ஊரில் லென்ஸில் பூஞ்சை சகஜம். என்னுடைய பழைய லென்ஸ் ஒன்று அப்படித்தான் வீணானது. கடைக்காரர் சொன்னது சரியாக இருக்கலாம். கழற்றிச் சுத்தம் செய்வதற்கு ஆகிற செலவுக்கு, யாரிடமாவது பழைய லென்ஸ் ஒன்றை வாங்கிவிடலாம்.

முத்தியால்பேட்டை மாடி, புதுச்சேரி

கொஞ்சம் பொறுங்கள், பணத்தைப் போட வேண்டாம். பூஞ்சை என்றால் எந்த நேரத்தில் எடுத்தாலும் படம் வெளுக்க வேண்டும். இவருக்குக் கால் மணி நேரத்தில் தானாகச் சரியாகிறது. பூஞ்சை அப்படிப் போய்விடாது.

நான்கு விவரம் வேண்டும். ராத்திரி கேமராவை எங்கே வைக்கிறீர்கள், அந்த அறையில் ஏசி உண்டா? எந்தத் திசையைப் பார்த்து நின்று எடுக்கிறீர்கள்? வெளுத்த படம் ஒன்றின் ஷட்டர் வேகமும் (கேமராவுக்குள் ஒளி விழுகிற நேரம்) ஐஎஸ்ஓவும் (ஒளிக்குக் கேமரா காட்டுகிற உணர்திறன்) என்ன? சாயங்காலம் எடுத்துப் பார்த்ததுண்டா?

மஞ்சை முருங்கை

படுக்கையறையில், மேசை மேல்தான் வைக்கிறேன். ஏசி ராத்திரி முழுக்க 24இல் ஓடும். குருவிச் சத்தம் கேட்டதும் எழுந்து, அப்படியே கேமராவை எடுத்துக்கொண்டு கொல்லைக்கு ஓடுவேன். சமையலறைப் பின்வாசல் படியில் நின்றுதான் எடுப்பது. முருங்கை எனக்கு நேர் கிழக்கே.

ஷட்டர் 1/125 நொடி, ஐஎஸ்ஓ 400, லென்ஸ் 250இல், அதாவது முழுக்க இழுத்த நிலையில் இருக்கிறது. எல்லாம் ஆட்டோ. சாயங்காலம் எடுத்ததில்லை அண்ணா, பிள்ளைகளுக்கு ட்யூஷன் இருக்கும்.

முத்தியால்பேட்டை மாடி

சரி, முதல் சிக்கல் பிடிபட்டுவிட்டது. உங்கள் லென்ஸுக்கு வியர்க்கிறது, அவ்வளவுதான்.

ராத்திரி முழுக்க ஏசியில் கிடந்த கண்ணாடி குளிர்ந்திருக்கும். நம் ஊர்களில் விடியற்காலைக் காற்றில் கடல் ஈரம் நிறைய. அந்த ஈரம் குளிர்ந்த கண்ணாடியில் பட்டதும் நீராகப் படிகிறது. பிரிஜ்ஜிலிருந்து எடுத்து வைத்த பாட்டிலுக்கு வெளியே முத்து முத்தாகக் கோத்துக்கொள்வதைப் பார்த்திருப்பீர்களே, அதேதான். லென்ஸில் அது மெல்லிய படலமாக இருப்பதால் கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. கண்ணாடி வெளிக்காற்றின் சூட்டுக்கு வந்ததும் படலம் உலர்ந்துவிடும். உங்கள் பதினைந்து நிமிடக் கணக்கு அதுதான்.

இன்று ராத்திரியே சோதித்துப் பாருங்கள். கேமராவை ஏசி இல்லாத கூடத்தில் வையுங்கள். காலையில் முதல் படமே தெளிவாக வந்தால் நான் சொன்னது சரி. ஏசி அறையில்தான் வைத்தாக வேண்டும் என்றால், ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் போட்டு மூடி, பையோடு வெளியே எடுத்து வந்து அரை மணி நேரம் திறக்காமல் விடுங்கள். நீர் பையின் மேல் படியும், லென்ஸில் படியாது. படலம் இருக்கும்போது சட்டைத் துணியால் துடைக்காதீர்கள், கீறல் விழும். அந்த நேரத்தில் லென்ஸைக் கழற்றவும் வேண்டாம், ஈரம் உள்ளே போய்விடும்.

பூஞ்சையையும் நீங்களே பார்த்துவிடலாம். லென்ஸைக் கழற்றி, இருட்டறையில் பின்பக்கமிருந்து டார்ச் அடித்து, முன்பக்கம் சாய்வாகப் பாருங்கள். சிலந்தி நூல் மாதிரி, வேர் மாதிரி கிளை விட்டிருந்தால் பூஞ்சை. வெறும் புள்ளிகள் என்றால் தூசி, அது படத்தைக் கெடுக்காது. எப்படியானாலும் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு அதில் கேமராவை வைக்கப் பழகுங்கள். நீல மணி ரோஜா நிறமானால் ஈரம் குடித்துவிட்டது என்று பொருள், சூடேற்றி உலர்த்தித் திரும்பப் போடலாம். அரிசியில் புதைக்கச் சொல்வார்கள், வேண்டாம். மாவு உள்ளே போகும்.

பாதிரி நிழல், திருப்பாதிரிப்புலியூர்

மற்ற இரண்டு சிக்கலுக்கும் நான் சொல்கிறேன். பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு பன்னிரண்டு வருடமாகக் கொல்லையில்தான் பறவை பார்க்கிறேன். இதே தப்புகளை எல்லாம் செய்திருக்கிறேன்.

குருவி கறுப்பாக விழுவது நீங்கள் நிற்கிற இடத்தால். விடியற்காலையில் கிழக்கே பார்த்து, தலைக்கு மேலே இருக்கிற கிளையைக் குறிவைத்தால் பின்னால் இருப்பது முழுக்க வெளிச்ச வானம். கேமரா அந்த வானத்தைக் கணக்கிட்டு ஒளியைக் குறைத்துவிடும், குருவி இருட்டில் மாட்டிக்கொள்ளும். ஒளித் திருத்தத்தை (படத்தின் வெளிச்சத்தை நாமே கூட்டிக் குறைக்கிற அமைப்பு) கூட்டல் 1 அல்லது 1.3இல் வைத்தால் கொஞ்சம் தேறும். ஆனால் அதைவிட நல்ல வழி, இடத்தை மாற்றுவது. மொட்டை மாடிக்குப் போங்கள். முருங்கை உச்சி உங்கள் கண் மட்டத்துக்கு வரும். பின்னால் வானத்துக்குப் பதில் பக்கத்து வீட்டுத் தென்னையோ சுவரோ இருக்கும். குருவியின் முகத்தையும் நேராகப் பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலரைக்குப் போனால் வெயில் உங்கள் முதுகுப் பக்கமிருந்து மரத்தில் அடிக்கும். தேன்சிட்டுக் கழுத்தின் ஊதா நிறம் அந்த வெளிச்சம் பட்டால்தான் மின்னும், நிழலில் அது வெறும் கறுப்பு.

மாடிக் கொடியில் ஒரு பழைய போர்வையைத் தொங்கவிட்டு அதற்குப் பின்னால் உட்காருங்கள். இரண்டு நாள் வெறும் போர்வை தொங்கட்டும், குருவிக்குப் பழகிவிடும். மூன்றாம் நாள் நீங்கள் போங்கள். உட்கார்ந்தபின் எழுந்து எழுந்து பார்க்க வேண்டாம். தேன்சிட்டு ஒரே பாதையில்தான் திரும்பத் திரும்ப வரும். பூவுக்குப் போகுமுன் உட்காருகிற கிளை ஒன்று இருக்கும். அதைக் கண்டுபிடித்து, அங்கேயே போகஸை வைத்துக் காத்திருங்கள்.

கலங்குவதற்குக் காரணம் 1/125. தேன்சிட்டு பத்து சென்டிமீட்டர்ப் பறவை, அதன் தலை ஒரு நொடிகூட ஒரே பக்கம் இருக்காது. 250இல் எடுக்கும்போது உங்கள் கை நடுக்கத்துக்கே 1/400 வேண்டும், குருவியின் துடிப்புக்கு 1/1000 வேண்டும். ஷட்டரை நீங்கள் வையுங்கள், ஐஎஸ்ஓவை 3200 வரை ஏற விடுங்கள். பொரிப் பொரியாகத் தெரியுமே என்று பயப்படாதீர்கள். பொரியுள்ள தெளிவான படத்தைச் சரிசெய்யலாம், கலங்கிய படத்தை ஒன்றும் செய்ய முடியாது. போகஸ் புள்ளி நடுவில் ஒன்று மட்டும் இருக்கட்டும். எல்லாப் புள்ளியையும் கேமராவிடம் விட்டால் அது எப்போதும் முன்னால் இருக்கிற இலையைத்தான் பிடிக்கும்.

முருங்கை பற்றி அப்பாவிடம் ஒன்று சொல்லுங்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்தபோது எங்கள் தெருவில் ஒரு மரம் நிற்கவில்லை. மறு வருடம் முழுக்கக் காக்காயைத் தவிர வேறு குரல் கேட்டதாக நினைவில்லை. முதலில் தழைத்தது நான் நட்ட முருங்கைப் போத்துதான், அது பூத்த பிறகுதான் தேன்சிட்டும் வந்தது. வெட்டினாலும் முருங்கை தழைத்துவிடும், அதில் கவலையில்லை. ஆனால் ஒரே நாளில் மொட்டையாக்காமல், கூரைப் பக்கம் சாய்கிற கிளைகளை மட்டும் இப்போது கழிக்கச் சொல்லுங்கள். கம்பளிப்பூச்சி பகலில் அடிமரத்தில் கூட்டமாக ஒட்டிக் கிடக்கும், அங்கேயே பார்த்து அகற்றிவிடலாம். அரிவாள் வைப்பதற்கு முன் கிளை கிளையாகக் கூடு இருக்கிறதா என்று பாருங்கள், இது முக்கியம். கூட்டைக் கலைப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படியும் குற்றம்.

லாஸ்பேட்டை வாசி

ஏசி பற்றி நான் யோசிக்கவே இல்லை, நன்றி. என் லென்ஸையும் இன்று டார்ச் அடித்துப் பார்க்கப் போகிறேன். இன்னொரு யோசனை: சர்க்கரைத் தண்ணீரைக் கிண்ணத்தில் வைத்தால் தேன்சிட்டு மாடிக்கே வருமா?

பாதிரி நிழல்

வரலாம், ஆனால் வைக்க வேண்டாம். நம் ஊர் வெயிலில் சர்க்கரைத் தண்ணீர் அன்றைக்கே புளிக்கும், எறும்பும் மொய்க்கும். தேன்சிட்டு தேன் மட்டும் குடித்து வாழ்வதில்லை, சிறு பூச்சியும் சிலந்தியும் அதற்கு வேண்டும், குஞ்சுக்கு ஊட்டுவதும் பெரும்பாலும் அதைத்தான். மருந்தடிக்காத ஒரு செம்பருத்தி, ஒரு இட்லிப்பூச் செடி வையுங்கள், இரண்டும் சேர்ந்து கிடைக்கும். இடமிருந்தால் வாழையும் வைக்கலாம்.

இன்னொன்று. தேன்சிட்டு கிண்ணத்தில் இறங்கிக் குளிப்பது குறைவு. மத்தியானம் குழாயில் செம்பருத்தி இலை மேல் தண்ணீரைத் தூவிவிட்டுப் பாருங்கள். ஈர இலையில் உடம்பைத் தேய்த்துத் தேய்த்துக் குளிக்கும். அந்தக் கோலத்தை ஒரு முறை பார்த்தால் மறக்க மாட்டீர்கள். சின்னானுக்கும் மைனாவுக்கும் தரையில் அகலமான மண் தட்டு போதும், இரண்டு விரல்கடை ஆழம். தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் கொசு முட்டை வைக்கும்.

மஞ்சை முருங்கை

ஆறு நாள் கழித்து எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னியுங்கள்.

அண்ணா, கேமராவைக் கூடத்தில் வைத்தேன். மறுநாள் காலை முதல் படமே கண்ணாடி மாதிரி தெளிவு. டார்ச் அடித்தும் பார்த்தேன், நான்கைந்து தூசிப் புள்ளிகள்தான் தெரிகின்றன, வேர் மாதிரி எதுவும் இல்லை. லென்ஸ் நன்றாக இருக்கிறது. அதை எழுதும்போதே மனசு நிறைகிறது.

ஐயா, போர்வை கட்டிய மூன்றாம் நாள், அதாவது நேற்று ஞாயிறு, சாயங்காலம் உட்கார்ந்தேன். நீங்கள் சொன்னது போலவே ஒரு காய்ந்த குச்சி இருந்தது, ஒவ்வொரு முறையும் அங்கே வந்துதான் பூவுக்குப் போகிறது. 1/1000, ஐஎஸ்ஓ 1600. நாற்பது படத்தில் மூன்று நன்றாக வந்திருக்கிறது. ஒன்றில் அலகு நுனியில் ஒட்டிய மகரந்தம்கூடத் தெரிகிறது.

அதில் ஒரு சந்தேகம். இரண்டு படத்தில் ஆண், தொண்டை ஊதா, மார்பில் செம்பழுப்புப் பட்டை, வயிறு மஞ்சள். மூன்றாவது வேறு மாதிரி. மேலே சாம்பல் பழுப்பு, கீழே வெளிறிய மஞ்சள், தொண்டையிலிருந்து வயிறு வரை நடுவில் மை தீட்டிய மாதிரி ஒரு கறுப்புக் கோடு. இது பெண்ணா, குஞ்சா?

முத்தியால்பேட்டை மாடி

இரண்டும் இல்லை. முதலாவது ஊதாப்பிட்டுத் தேன்சிட்டு ஆண். கோடு போட்டது ஊதாத் தேன்சிட்டு, அதுவும் ஆண்தான். இனப்பெருக்கக் காலத்தில் உடம்பு முழுக்கக் கருநீலமாக மின்னும். அது முடிந்ததும் அந்த இறகுகளை உதிர்த்துவிட்டு, பெண்ணைப் போல மங்கிய உடைக்கு மாறும், நடுக்கோடு மட்டும் மிஞ்சும். பெண்களைப் பிரிக்கத் தொண்டையைப் பாருங்கள். ஊதாப்பிட்டுப் பெண்ணுக்குத் தொண்டை வெளுப்பு, மார்பு மஞ்சள். ஊதாத் தேன்சிட்டுப் பெண்ணுக்குத் தொண்டையிலிருந்தே மஞ்சள். உங்கள் ஒரு மரத்துக்கு இரண்டு இனமும் வருகிறது!

பாதிரி நிழல்

இப்போது புரட்டாசி முடிகிற நேரம். இனிமேல் கறிவேப்பிலைக்கு அடியில், சருகு கிடக்கிற இடத்திலும் ஒரு கண் வையுங்கள். வடக்கேயிருந்து ஆறுமணிக்குருவி வந்து இறங்குகிற மாதம் இது. களைத்துப்போய்ச் சின்னக் கொல்லையிலும் இறங்கும். சருகைப் பெருக்காமல் விட்டால் நாள் முழுக்க அங்கேயே பூச்சி பொறுக்கும். முருங்கை என்னாயிற்று?

மஞ்சை முருங்கை

அதைச் சொல்லத்தான் மறுபடி வந்தேன் ஐயா. இன்று காலை அப்பா கூரைப் பக்கத்துக் கிளைகளைக் கழித்தார். அதற்கு முன் நானும் அவருமாகக் கிளை கிளையாகப் பார்த்தோம். கிணற்றுப் பக்கம் தாழத் தொங்குகிற ஒரு கிளை நுனியில் ஒட்டடை மாதிரி ஏதோ ஆடிக்கொண்டிருந்தது. அப்பா கழியால் தட்டிவிடப் போனார். அந்த நேரம் அதற்குள்ளிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. சருகும் நூலாம்படையும் பட்டைத் தூளும் ஒட்டிய பை, வாசலுக்கு மேல் தாழ்வாரம் மாதிரி ஒரு நீட்டல். அப்பா கழியைக் கீழே போட்டுவிட்டு ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

இதைப் படம் எடுக்கலாமா?

பாதிரி நிழல்

மாடியில் போர்வைக்குப் பின்னாலிருந்து மட்டும். கிளையை விலக்க வேண்டாம், மறைக்கிற இலையைக் கிள்ள வேண்டாம், பிளாஷ் வேண்டவே வேண்டாம். இலை அங்கே இருப்பது கூட்டுக்கு நிழலும் மறைவும். நாம் அடிக்கடி போய் நின்றால் காக்காயும் செம்போத்தும் என்னவென்று கவனிக்கும், அப்புறம் கூடு தப்பாது. தாய் வாயில் இரையோடு வந்து, கூட்டுக்குப் போகாமல் பக்கத்துக் கிளையிலேயே கத்திக்கொண்டிருந்தால் நீங்கள் அருகில் இருக்கிறீர்கள் என்று பொருள். உடனே இறங்கிவிடுங்கள். முட்டை பொரிய ஏறக்குறைய இரண்டு வாரம், குஞ்சு பறக்க அதற்கு மேலும் இரண்டு வாரத்துக்குக் கூடுதல்.

மஞ்சை முருங்கை

சரி ஐயா, அப்படியே செய்கிறேன். அந்தப் பக்கக் கிளைகளைத் தை மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று அப்பாவே சொல்லிவிட்டார். கிணற்றுப் பக்கம் இருந்த துணிக்கொடியை அம்மா அவிழ்த்து, மதில் பக்கம் மாற்றிக் கட்டியிருக்கிறார்.