ஜொகன்னஸ்பர்க்கில் துண்டு விழுந்த காசு: நாம் ஏன் போட வேண்டும்?

பிடோக் பாலு
எய்ட்ஸ், காசநோய், மலேரியா மூன்றுக்கும் சேர்த்து ஒரு உலக நிதியம் இருக்கிறது, தெரியும்தானே? 2025 நவம்பரில் ஜொகன்னஸ்பர்க்கில் கூடி, அடுத்த மூன்று வருசத்துக்கு 1,800 கோடி அமெரிக்க டாலர் வேண்டும் என்றார்கள். அன்று சேர்ந்தது 1,134 கோடி. 2022-ல் 1,570 கோடி கிடைத்தது. அமெரிக்காவே 600 கோடியிலிருந்து 460-க்கு இறங்கிவிட்டது. என் ஆபீசில் ஒருவர், "சிங்கப்பூர் மாதிரி வசதியான நாடு இப்பத்தான் கைகொடுக்கணும்" என்கிறார். எனக்கு அதில் உடன்பாடில்லை. நிதியம் தொடங்கியது 2002-ல். இத்தனை வருசம் கொடுத்தும் ஓயாத நோய்க்கு இன்னும் எவ்வளவு? இங்கே வாங்குகிற ஒவ்வொன்றுக்கும் 9 சதவீதம் ஜிஎஸ்டி கட்டுகிறேன். அதை இங்குள்ள முதியோருக்குச் செலவு செய்யட்டும். நோய் வெளியிலிருந்து நம்மிடம் வந்துவிடும் என்று சார்ஸ் கதையை யாரும் எடுக்காதீர்கள், அது அந்த நிதியத்தின் பட்டியலிலேயே இல்லை.

தேக்கா தேவி
சார்ஸை விடுங்கள் பாலு. நான் முப்பது வருசம் தாதியாக இருந்தவள், காசநோயை மட்டும் பேசுகிறேன். 2016-ல் அங் மோ கியோ அவென்யூ 3, புளோக் 203 ஞாபகம் இருக்கிறதா? ஒரே புளோக்கில் ஆறு பேருக்கு, பல மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய். சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாதம் மாத்திரை. இரண்டு மாதத்தில் இருமல் நிற்கும், உடம்பு தேறும், பசி வரும். அங்கேதான் ஆபத்து. "எனக்குத்தான் நல்லாயிடுச்சே மிஸ்ஸி" என்று நிறுத்திவிடுவார்கள். மிச்சமிருக்கும் கிருமி மருந்துக்குப் பழகிவிடும். அதனால்தான் இங்கே தினமும் மருந்தகத்துக்கு வரச்சொல்லி எங்கள் கண்ணெதிரே விழுங்க வைப்போம். சம்பளம் போகுது என்று என்னிடம் சண்டை போட்டவர்கள் எத்தனையோ பேர். காசு தீர்ந்து மாத்திரை பாதியில் நிற்கிற நாட்டில் அந்தக் கண்காணிப்பு எங்கிருந்து வரும்? அங்கே பழகிய கிருமி நம் சாங்கி விமான நிலையத்தில் இறங்கக் கடப்பிதழ் கேட்காது.

கணக்கு கதிர்
அக்கா, மன்னிக்கணும். அந்த ஆறு பேருக்கும் வெளிநாட்டிலிருந்து வந்தது என்று யார் சொன்னது? அது நம் புளோக்குக்குள் பரவியது. உங்கள் உதாரணம் பாலு அண்ணன் பக்கம்தான் சாய்கிறது: முதலில் நம் வீட்டைக் கவனி.

நான் தணிக்கையில் வேலை செய்கிறவன், என் கேள்வி வேறு. 2011-ல் மாலி, மொரித்தானியா மாதிரி நாடுகளில் இந்த நிதியத்தின் காசு கையாடப்பட்டது வெளியே வந்தது. ஜெர்மனி பணத்தையே கொஞ்ச காலம் நிறுத்தி வைத்தது. போலி ரசீது, நடக்காத பயிற்சிக்குப் படிச்செலவு. கேட்டால் "உயிர் காக்கும் காசு" என்பார்கள். உயிர் காக்கும் காசில்தான் ரசீது இரண்டு மடங்கு கறாராக இருக்கணும்.

பருத்தித்துறை மருமகன்
அந்தக் களவைக் கண்டுபிடிச்சதே நிதியத்தின்ர சொந்தக் கண்காணிப்பாளர் அலுவலகம்தான், தம்பி. அவை தாங்களே அறிக்கையை வெளியிட்டவை. எத்தனை நிறுவனம் அப்பிடிச் செய்யுது?

நான் சொல்ல வந்தது மலேரியா. 1963-ல் இலங்கை முழுக்க மலேரியா கண்டவர்கள் 17 பேர். பதினேழு ஆயிரம் இல்லை, பதினேழு ஆள். "முடிஞ்சுது" எண்டு மருந்தடிக்கிறதைக் குறைச்சினம். 1969-ல் ஐந்து லட்சத்துக்கு மேல். என்ர அம்மம்மா அந்தக் காய்ச்சலில் போர்வைக்கு மேல் போர்வை போட்டும் கட்டில் ஆடினதைச் சொல்லுவா. பிறகு போர் முடியும் காலம்வரை இழுபட்டு, 2012-ல்தான் உள்ளூரில் கடைசி நோயாளி, 2016-ல் மலேரியா இல்லாத நாடு எண்டு சான்றிதழ். அந்த வேலையில் இந்த நிதியத்தின்ர காசும் இருந்தது. ஓயாத நோய் எண்டு பாலு அண்ணை சொல்லுறார். ஓய்ஞ்ச இடமும் இருக்கு.

பிடோக் பாலு
சிங்கப்பூர் 1982-லேயே அந்தச் சான்றிதழ் வாங்கியாச்சு. சாக்கடையைத் தூர்வாரி, கொசுவைத் துரத்தி, நாமே செய்தோம். 1963-ல் குறைத்தது இலங்கைக்காரர்கள். அதற்கு நான் ஏன் சந்தா கட்டணும்?

புதுக்கோட்டை சேகர்
நான் சைட்டுல சூப்பர்வைசர். எங்க அண்ணனுக்குக் காசநோய் வந்துச்சு, ஊர்லயே ஆறு மாசம் பார்த்தாங்க. மருந்து இலவசம், சாப்பாட்டுக்குன்னு பேங்குல மாசம் 500 ரூபாய் விழும். 2024 நவம்பர்லேருந்து அது 1000. அது டெல்லி போடற காசு. 2022-லேருந்து தமிழ்நாட்டுல ரொம்ப மோசமா இருக்கறவங்களை முதல்லயே பிரிச்சு ஆஸ்பத்திரியில சேக்கற திட்டமும் இருக்கு. அதனால இந்தியாவுக்கு வெளிக்காசு கொடுக்கணும்னா நான் பாலு அண்ணன் பக்கம். 2019-ல இந்தியாவே அந்த நிதியத்துக்கு 2 கோடியே 20 லட்சம் டாலர் தர்றேன்னுச்சு. அங்கிட்டும் வாங்குது, இங்கிட்டும் கொடுக்குது, மொய் மாதிரி!

ஆனா மொசாம்பிக், காங்கோ மாதிரி ஊருக்கு டெல்லி இல்லையே அண்ணே.

தேக்கா தேவி
கதிர் தம்பி, புளோக் 203 விஷயத்தில் நீங்கள் சொன்னது சரிதான். அந்தக் குறுக்குவழியை விட்டுவிடுகிறேன்.

வேறொன்று கேளுங்கள். 1956-ல் சென்னை சேத்துப்பட்டில் ஒரு காசநோய் ஆராய்ச்சி மையம் திறந்தார்கள். பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி மன்றம், இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றம், உலகச் சுகாதார நிறுவனம், மதராஸ் அரசு நான்கும் சேர்ந்து. காசநோயாளி என்றால் மாதக்கணக்கில் சானடோரியம் என்ற தனி மருத்துவமனையில் கிடக்கணும் என்று உலகமே நம்பிய காலம். மதராஸ் சேரிகளில் நெருக்கியடித்து வாழ்ந்தவர்களுக்கு வீட்டிலேயே மாத்திரை கொடுத்தும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள். வீட்டில் மற்றவருக்குத் தொற்றும் கூடவில்லை. 1959-ல் அந்த முடிவு வெளிவந்தது. அதன் பிறகு சானடோரியங்கள் மெல்ல மெல்லக் காலியாயின. எழுபதுகளில் அதே பிரிட்டன் மன்றம் சிங்கப்பூர் காசநோய்ச் சேவையோடு சேர்ந்து, சிகிச்சையை ஆறு மாதமாகக் குறைக்க முடியுமா என்று நம் நோயாளிகளிடம்தான் சோதித்தது. இன்று உலகம் முழுக்கக் கொடுக்கிற ஆறு மாதச் சிகிச்சைக்கு அதுவும் ஓர் ஆதாரம். "நாமே செய்தோம்" என்கிறீர்களே பாலு, இதில் கொஞ்சம் வெளிக்கையும் உண்டு.

பிடோக் பாலு
அது ஆராய்ச்சி அக்கா, கொடை இல்லை. பிரிட்டனுக்கும் அதில் ஆதாயம் இருந்தது.

தேக்கா தேவி
அதைத்தானே நானும் சொல்கிறேன்.

கணக்கு கதிர்
ஒன்றில் மட்டும் நிதியத்துக்கு மார்க் போடுவேன். 2000 வாக்கில் எச்ஐவி மருந்துக்கு ஒருவருக்கு வருசம் 10,000 டாலருக்கு மேல். 2001-ல் மும்பை மருந்துக் கம்பெனி சிப்லா 350 டாலருக்குத் தருகிறேன் என்றது. இப்போது நிதியம் மொத்தமாக வாங்குவதால் 40 டாலருக்கும் கீழே. கிராக்கி நிச்சயம் என்று தெரிந்தால்தான் கம்பெனி விலையை இறக்கும். சின்ன நாடு தனியாகப் போய் பேரம் பேசினால் நடக்காது. இது தர்மம் இல்லை, கொள்முதல். கொள்முதல் எனக்குப் புரியும்.

பிடோக் பாலு
சரி, கொள்முதல் என்றால் யோசிக்கலாம். கோவிட் சமயத்தில் ஏழை நாடுகளின் தடுப்பூசிக்கு கோவாக்ஸ் வழியாக நாமும் 50 லட்சம் டாலர் கொடுத்தோமே, அந்த மாதிரி: ஒரு தடவை, இன்ன மருந்துக்கு, ரசீதோடு. வருசா வருசம் நிரந்தரமாக என்றால் எனக்குச் சம்மதமில்லை.

பருத்தித்துறை மருமகன்
ஒரு தடவை குடுத்தால் காணும் எண்டுதான் 1963-லும் நினைச்சவை.

பிடோக் பாலு
அந்தப் பதினேழு பேரை விடமாட்டீர்களா?

புதுக்கோட்டை சேகர்
அவர் விட்டாலும் கொசு விடாது அண்ணே. நைட் ஷிப்டுக்குக் கிளம்புறேன், நாளைக்கு வந்து பார்க்கறேன். கதிர் அண்ணே, ரசீதை எந்த அதிகாரி பார்ப்பாருன்னு நீங்க இன்னும் சொல்லலை.