தட்டு ஒன்று, நகல் மட்டும் ஏன் இரண்டு விதம்?

செந்தூல்காரன்: அப்பா கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா கடைகளில் வாங்கிச் சேர்த்த 60 தமிழ் சிடிகளைக் கம்ப்யூட்டரில் ஏத்திக்கிட்டிருக்கேன். வேகமா இழுத்தா தட்டுக்கு 5 நிமிஷம். திரும்பத் திரும்பப் படிச்சு சரிபார்க்கும் செக்யூர் மோடு போட்டா, கீறல் விழுந்த ஒரே தட்டு ராத்திரி முழுக்க ஓடுது. போட்டோ சிடியைக் காப்பி பண்ணினா ஒரு புள்ளி மாறுதா? பாட்டுக்கு மட்டும் ஏன் இந்தக் கூத்து லா?

பினாங்குப் பூனை: ரெண்டும் ஒண்ணு இல்லை அண்ணே. போட்டோ சிடியில் செக்டருக்கு, அதாவது தட்டில் இருக்கும் ஒரு சின்னப் பகுதிக்கு, 2352 பைட், அதில் 2048தான் உங்க டேட்டா. மீதியில் பிழையைக் கண்டுபிடிச்சுத் திருத்தும் குறியீடும் இருக்கு. ஆடியோவில் 2352-ம் பாட்டுக்கே போயிடுது. அடியில் இருக்கும் சிஐஆர்சிங்கிற பிழைத் திருத்தம் மட்டும் ரெண்டுக்கும் பொது. தடத்தோட நீளவாக்கில் சுமார் 2.5 மில்லிமீட்டர் வரை அது தாங்கும். அதுக்கு மேல போனா போட்டோ சிடி அந்த மீதிக் குறியீட்டை வெச்சுத் திருத்தப் பார்க்கும், அதுவும் முடியலைன்னா ‘படிக்க முடியல’னு நிக்கும். ஆடியோன்னா, பல டிரைவ் அக்கம்பக்கத்து சாம்பிளை, அதாவது ஒலியோட அளவுப் புள்ளியைப் பார்த்து ஒட்டுப் போட்டுட்டு வாயே திறக்காது.

செந்தூல்காரன்: போடட்டுமே! நொடிக்கு 44,100 சாம்பிளில் நாலு போனா யார் காதுக்குத் தெரியும்?

பினாங்குப் பூனை: எங்கம்மா காதுக்குத் தெரிஞ்சது. லெபோ பாசாரில் வாங்கின பக்திப் பாட்டு, நாதஸ்வரம் இழுக்கும் இடத்தில் ஒரு ‘டிக்’. அதுக்கப்புறம் பாட்டே கேட்கல, டிக்கைத்தான் கேட்டாங்க.

கெப்போங் ரேடியோ: செக்யூர் மோடையும் கண்ணை மூடி நம்பாதீங்க. அது ரெண்டு தடவை படிச்சு ஒப்பிடும், சரி. டிரைவ் ரெண்டாம் தடவை தட்டைப் படிக்காம, முதல்ல படிச்சதை வெச்சிருக்கும் தன் கேஷ் நினைவகத்திலிருந்தே எடுத்துக் கொடுத்தா? தன் பரீட்சைத் தாளைத் தானே திருத்தின கதைதான். எக்ஸாக்ட் ஆடியோ காப்பிங்கிற நகலெடுக்கும் மென்பொருளில் முதல்ல கேஷ் செட்டிங்கைப் பாருங்க. அப்புறம் அக்யூரேட்ரிப்: ஊர் உலகம் எடுத்த நகலோட உங்க நகலோட செக்சம்மை, அதாவது சரிபார்ப்பு எண்ணை ஒப்பிடும்.

செந்தூல்காரன்: பார்த்தாச்சு. 60-ல் 11-க்குத்தான் பதிவு இருக்கு. நம்ம ஊர் ஆல்பம் ஒண்ணுகூட இல்லை. யாரோட ஒப்பிட?

கெப்போங் ரேடியோ: நல்ல தட்டுக்கு வேகமா இழுக்கும் பர்ஸ்ட் மோடிலேயே ‘டெஸ்ட் அண்ட் காப்பி’ போடுங்க, ரெண்டு தடவை படிக்கும். ரெண்டுக்கும் வர்ற சிஆர்சி சரிபார்ப்பு எண் ஒத்தா விட்டுடுங்க. சந்தேகம்னா வேற டிரைவில் ஒரு தடவை. ஒவ்வொரு டிரைவும் கொஞ்சம் முன்னே பின்னே படிக்கும், அந்த ஆஃப்செட்டைச் சரிசெய்ய மறந்தா நல்ல நகலும் ஒத்துப்போகாது, பதறாதீங்க.

செந்தூல்காரன்: அப்ப நான் சொன்ன வேகமும் தப்பில்லை! அந்தக் கீறல் தட்டை மட்டும் நிறுத்திடப் போறேன். துடைச்சும் பார்த்தாச்சு.

பினாங்குப் பூனை: எதால துடைச்சீங்க?

செந்தூல்காரன்: டி-சட்டையால. நல்லா சுத்திச் சுத்தி.

பினாங்குப் பூனை: ஐயோ அண்ணே! சுத்தித் துடைச்சா புதுக் கீறல் தடத்தோடவே ஓடும், அந்த 2.5 மில்லிமீட்டர் எப்படிப் போதும்? நடுவிலிருந்து ஓரத்துக்கு நேரா இழுக்கணும். மெத்துனு இருக்கும் துணியா எடுங்க.