புதுப்பிப்பு: சிவப்பு விளக்குக்குக் காரணம் அலமாரி
எங்கள் ஃபைபர் இணைய மோடத்தில், ஒளி சிக்னல் வரவில்லை என்று காட்டும் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக மின்னி இணையம் அடிக்கடி அறுபடுகிறது என்று சென்ற வாரம் எழுதியிருந்தேன். தெருமுனைப் பெட்டியில்தான் கோளாறு என்று அப்போது அடித்துச் சொன்னது என் தவறு. நேற்று வந்த பணியாளர் ஒளியின் வலிமையை அளக்கும் மீட்டரைச் செருகியபோது, ஜிபான் என்னும் ஃபைபர் இணைய வகைக் கருவிகள் பொதுவாக மைனஸ் 27 டிபிஎம் (ஒளி வலிமையின் அலகு; மைனஸ் எண் பெரிதாகப் பெரிதாக ஒளி மங்கல்) வரைதான் தாங்கும் என்றிருக்க, அது மைனஸ் 29 காட்டியது. பேனா போன்ற சிவப்பு லேசரை அவர் கேபிளுக்குள் பாய்ச்சியதும், நான் நகர்த்திவைத்த புத்தக அலமாரிக்குப் பின்னால், சுவரோடு நசுங்கி மடிந்திருந்த இடம் கனல்துண்டு போல ஒளிர்ந்தது. வளைவு இறுகும்போது ஒளி, கேபிளின் கண்ணாடி இழைக்குள்ளேயே பிரதிபலித்துச் செல்லாமல் வெளியே கசிந்துவிடுகிறது. ஒளி இழப்பை டெசிபலில் அளப்பார்கள்; ஒரு கிலோமீட்டர் நல்ல இழையில் அரை டெசிபல்கூடக் குறையாது. இந்த ஒற்றை மடிப்போ 9 டெசிபலை, அதாவது ஒளியில் ஏறக்குறைய எட்டில் ஏழு பங்கை, விழுங்கியிருக்கிறது. அந்தத் துண்டை மாற்றியபின் அளவு மைனஸ் 20.