புதுச்சேரி பழைய வீடு: கட்டைக்குத்துத் தளம் ஒழுகுகிறது

கேள்வி: கீழே திண்ணை, தாழ்வாரம், முற்றம், மாடியில் பிரெஞ்சு பாணி வளைவு ஜன்னல்கள். மெட்ராஸ் டெரஸ் (தேக்குக் கட்டைமேல் செங்கல் அடுக்கிய கட்டைக்குத்துத் தளம்) ஒழுகுகிறது. மேலே சிமெண்ட் பூசலாமா?

பதில் 1: வேண்டவே வேண்டாம். சிமெண்டுக்கு அடியில் ஈரம் சிக்கிக்கொள்ளும். சுவருக்குள் புதைந்திருக்கும் தேக்குக் கட்டையின் முனைதான் முதலில் உளுக்கும். அந்த இடத்தை ஆணியால் குத்திப் பாருங்கள். பொதபொதவென்று இறங்கினால் தளத்துக்கு முட்டுக்கொடுத்துவிட்டுக் கட்டையை மாற்றுங்கள்.

பதில் 2: கட்டை நன்றாக இருந்தால் மேலே பதித்த தட்டோட்டையும் அதன் கீழுள்ள பழைய ஜல்லியையும் மட்டும் பெயர்த்தால் போதும். கட்டைமேல் மூலைவாக்கில் நிமிர்த்தி அடுக்கிய சின்னச் செங்கலைத் தொடாதீர்கள். அதன்மேல் 3-4 அங்குலம் புதிதாகச் சுண்ணாம்பு செங்கல் ஜல்லி போடுங்கள். கடுக்காய், வெல்லத் தண்ணீர் தெளித்து, இறுகும்வரை நாள்கணக்கில் அடிக்க வேண்டும். அவசரப்பட்டால் வெடிக்கும். தண்ணீர் வடிய வாட்டம் (சரிவு) 10 அடிக்கு 2 அங்குலம்.

பதில் 3: அதற்கு முன் தண்ணீர் போகும் தூம்பைப் பாருங்கள். பாதி ஒழுகல் அங்கே முளைத்த அரசங்கன்றால்தான்.