இழை: ‘கல்ச்சுரல் காம்பிடன்ஸ்’ – வெள்ளிக்குள் ஒரு தமிழ்ச்சொல் வேண்டும் (எழுதுவோர் பெயருக்குப் பதில் அவரவர் சிங்கப்பூர் வட்டாரம்)

ஈசூன்:
வணக்கம். தாதிமை மாணவர்களின் பயிற்சிக்கு நோயாளியாக நடிக்க நம் முதியவர்கள் சிலர் வருகிறார்கள். அவர்களுக்கான துண்டறிக்கை என் தலையில். நோயாளியின் பண்பாடும் வழக்கமும் அறிந்து கவனிக்கும் திறனை ஆங்கிலத்தில் ‘கல்ச்சுரல் காம்பிடன்ஸ்’ என்கிறார்கள்; அதற்கு ‘பண்பாட்டுத் திறன்’ என்று போட்டேன். படித்த பாட்டி, “நான் கோலாட்டம் ஆடணுமாம்மா?” என்கிறார்.

பிடோக்:
பாட்டி கேட்டது நியாயம். ‘பண்பாட்டுத் தேர்ச்சி’?

தோ பாயோ:
தேர்ச்சி என்றால் பரீட்சை முடிந்தது, பிள்ளை பாஸ். 1998இல் டெர்வலோன், மரே-கார்சியா என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் மறுத்தது இதைத்தான்: பிறர் பண்பாட்டைக் கற்று முடிக்க முடியுமா? அவர்கள் ‘ஹியூமிலிட்டி’ என்றார்கள். ‘பண்பாட்டுப் பணிவு’ வைக்கலாம்.

பிடோக்:
அக்கா கேட்ட சொல் அதுவல்லவே.

உட்லண்ட்ஸ்:
ஏன் அலைகிறீர்கள்? ‘பண்பெனப் படுவது பாடறிந் தொழுகுதல்’, கலித்தொகை 133. பிறர் நெறியறிந்து நடத்தல். ஆகவே ‘பாடறிதிறன்’. ‘படு’ என்ற வேரிலிருந்து பாடு. பண்பாடு, ஏற்பாடு, வழிபாடு... நாளை விரிவாக எழுதுகிறேன். ‘நாகரிகம்’ பக்கம் மட்டும் போகாதீர்கள். குறள் 580இல், நஞ்சு ஊற்றுவதைக் கண்டும் குடிப்பவரே நாகரிகர். வார்டுக்கு ஆகாது.

ஈசூன்:
ஐயா, ‘பாடறி’ என்றால் பாட்டி பாட்டு என்பார். மறுபடி கோலாட்டம்.

சுவா சூ காங்:
நான் வார்டில் வேலை செய்பவள். அறுவைக்கு முன் ஓர் அம்மாவிடம் மாணவி ஒருத்தி தாலியைக் கழற்றச் சொன்னாள். அந்த அம்மா முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டார். மூத்த மலாய் மிஸ்ஸி (தாதி) நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வீட்டுக்காரர் எப்போது வருவார் என்று மட்டும் கேட்டார். அவர் வந்து, மஞ்சள் கயிறு கட்டிவிட்டுத் தங்கத்தை வாங்கிக்கொண்டார். இதற்குத்தானே சொல் தேடுகிறோம்? ‘மனமறிந்து பராமரித்தல்’ என்று போடுங்கள்.

உட்லண்ட்ஸ்:
‘பராமரிப்பு’ வடசொல். ‘பேணுதல்’ என்க.

தோ பாயோ:
‘தாதி’யும் வடசொல்தானே ஐயா? தமிழ்நாட்டில் ‘செவிலியர்’ என்கிறார்கள்.

உட்லண்ட்ஸ்:
ஆம். செவிலி சங்கச் சொல். முதலில் அதைத் திருத்துவோம்.

பிடோக்:
அதற்கு வேறு இழை தொடங்குங்கள்! மனமறிவது மனநல மருத்துவர் வேலை. இங்கே அறிய வேண்டியது வழக்கம்.

ஈசூன்:
அச்சுக்குப் போய்விட்டது: ‘பிறர் வழக்கம் அறிந்து பேணுதல்’. நீளம்தான், பாட்டிக்குப் புரிந்தது. நன்றி.

உட்லண்ட்ஸ்:
இது சொல் அல்ல, சொற்றொடர். என் மறுப்பைப் பதிவு செய்க. ‘படு’ பற்றிய மடல் தனியே வருகிறது.